பட்டை தளரும் வரை

இனி அசையவும் கூடாது, பேசவும் கூடாது என்று சொல்லிவிட்டுப் ஆஸ்பத்திரிப் பெண் பிரவீணா பொத்தானை அழுத்தியதும், சம்பூரணத்தின் முழங்கைக்குக் கீழே சுற்றியிருந்த பட்டை உஸ்ஸென்று ஊதிக்கொண்டு இறுகியது. பிரஷர் பார்க்கும்போது பிடிக்குமே, அந்தப் பிடியில் இரண்டு பங்கு. "அஞ்சே நிமிசந்தானுங்கம்மா. அப்புறம் காத்தை விட்டதும் ரத்தம் ஒரே பாய்ச்சலா வரும். அப்போ ரத்தக்குழாய் எவ்வளவு விரியுதுன்னு பாக்கணும். நீங்க பேசினீங்கன்னா படம் ஆடிப்போயிருமுங்க." நல்ல வேளை பார்த்துச் சொன்னாள் மகராசி. மாதக்கணக்கில் தொண்டைக்குள்ளேயே அடக்கி வைத்திருந்ததை இன்றைக்குச் சொல்லியே தீர்வது என்று முடிவு கட்டி, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முதல் வார்த்தையை உருட்டிக்கொண்டே வந்து, கதவைச் சாத்தியதும் வாயைத் திறக்கப் போனவளைப் படுக்க வைத்து, கையை நீட்டச் சொல்லி, ஜில்லென்று கொழகொழப்பாக எதையோ தடவி, வாயையும் கட்டிப்போட்டுவிட்டாள். சரி, போகட்டும். ஐந்து நிமிடம் ஒன்றும் ஐந்து வருஷம் இல்லை. பட்டை தளரட்டும். அம்மணி, எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலிக்குதுங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. குழந்தைகூடச் சொல்லிவிடும். இந்த ஒரு வரிக்காகவா இத்தனை மாதம் சோறு இறங்காமல் கிடந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

வெளியே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார் நாச்சிமுத்து. அடுத்த முறை அவருடையது. இதே கட்டிலில் இதே மாதிரி கையை நீட்டிப் படுத்துக்கொண்டு, நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் ஏதாவது உண்டுங்களா என்று இந்தப் பெண் கேட்டால், ஒரு கொறையும் இல்லீங்க அம்மணி, மூட்டை தூக்கறேனே தெரியலீங்களா என்பார். அதற்குள் சொல்லியாக வேண்டும். அவர் உள்ளே வந்த பிறகு சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவார், அதில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. தன் மாவு மில்லில் கோதுமையை ராகி அரைத்த கல்லில் போட்டுவிட்டு, இது ஒடம்புக்கு நல்லதுங்க, இப்பெல்லாம் இப்படித்தான் விக்கறாங்க என்று கட்டி அனுப்பியவர். அந்தச் சாமர்த்தியம்தான் இந்த ஊதாப் பொடியிலும் அவரை மாட்ட வைத்தது. சித்திரையில் சமுதாயக் கூடத்துக்கு இந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து, அறுபது தாண்டியவர்களாக வாங்க என்று கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்கள். வெளிநாட்டில் விளைகிற ஒரு பழம், பெர்ரி என்று பெயர், நம்ம நாவல்பழம் மாதிரி ஊதா நிறம், அதை உலர்த்தி அரைத்த பொடி, தினம் ஒரு பொட்டலம் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் வயசானவர்களுக்கு விறைத்துப்போகிற ரத்தக்குழாய் கொஞ்சம் இளகுமா என்று பார்க்கப் போகிறோம். இளகும் என்று சொல்லவில்லை, இளகுமா என்று பார்க்கத்தான். பாதிப் பேருக்கு நிஜப் பொடி, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே ருசியில் வெறும் மாவு, யாருக்கு எது என்று எங்களுக்கே கடைசி வரை தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று மைக்கில் சொல்கிற ஆளைச் சம்பூரணம் அன்றைக்குத்தான் பார்த்தாள், அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இவருக்கு மட்டும் பொறுக்கவில்லை. "அதெப்படித் தெரியாமப் போகும்? மாவு மில்லுக்காரன்கிட்டயேவா?"

விரல் நுனிகள் மரக்க ஆரம்பித்துவிட்டன. சுண்டு விரல் முதலில், அதுதான் எப்போதும் முதலில் சுணங்கும். அசைக்கக் கூடாது. கூரையில் ஒரு விளக்கு மட்டும் விட்டு விட்டு மினுங்குகிறது, இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு குழல் விளக்கை மாற்ற ஆளில்லை. என்ன நினைத்துக்கொண்டிருந்தாள்? பொடி. வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேர் பொட்டலத்தையும் பிரித்து உள்ளங்கையில் கொட்டி, கட்டை விரலால் தேய்த்து, மோந்து, நுனி நாக்கில் வைத்து, கண்ணை மூடித் தீர்ப்புச் சொன்னார். "என்ற பொட்டலம் மரவள்ளி மாவு. சாயம் போட்டிருக்கறாங்க. உன்றதுதான் புள்ள பழம்." பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவள் மறுபேச்சுப் பேசாமல் தன் பொட்டலப் பெட்டியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அதில் யோசிக்க என்ன இருக்கிறது, அந்த வீட்டில் நல்லதென்று எது வந்தாலும் அவர் தட்டுக்குத்தான் முதலில் போகும், அப்படியே பழகிவிட்டது. சரி, உங்களுடையதை நான் குடிக்கிறேன் என்றதற்கும் விடவில்லை. சாயத்தக் குடிச்சு வயித்தக் கெடுத்துக்காதே என்று அந்தப் பொட்டலத்தைத் தினமும் கரைத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். ஆக, இந்தப் பெண் இத்தனை சிரத்தையாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே, இந்தக் கையில் ஒரு சிட்டிகைப் பொடியும் போகவில்லை. நியாயமாகப் பார்த்தால் கறிவேப்பிலைச் செடியைக் கொண்டுவந்துதான் இந்தக் கட்டிலில் படுக்க வைக்க வேண்டும். சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. வயிறு குலுங்கினால் கையும் குலுங்கும். சம்பூரணம் பல்லைக் கடித்துக்கொண்டாள், இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், பாவம், அவர்கள் ஏதோ நம்பி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அது இரண்டாவது. முதலில் நெஞ்சு. அம்மணி, எங்க வீட்டுக்காரருக்கு.

மணிக்கட்டுக்குக் கீழே இப்போது கை அவளுடையதாகவே இல்லை. ரத்தம் போகாவிட்டால் இப்படித்தான் இருக்குமோ, முதலில் வலி, பிறகு மரப்பு, பிறகு ஒன்றுமில்லை. கைக்கே இப்படி என்றால் நெஞ்சுக்குள் ரத்தம் போகாமல் ஒரு இடம் தவித்தால் எப்படி இருக்கும். ஆடி நோம்பிக்கு முதல் நாள் அதைத்தான் அவள் பார்த்தாள், பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்த்தாள். கம்பு மூட்டையைத் தொட்டியில் கவிழ்த்தவர் அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். மூடிய கையை நெஞ்சு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மில் ஓடுகிற சத்தத்தில் என்னாச்சுங்க என்று அவள் கத்தியது கேட்கவில்லை, இல்லை கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாரோ. கழுத்தெல்லாம் வியர்வை, மாவு படிந்த முகத்தில் வியர்வை கோடு கோடாக வழிந்தது. வாயு என்றார். பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள். இஞ்சி. கடைச் சோடா. வாயுதான், சித்த நேரத்தில் சரியாகிவிட்டது. அப்புறம் அவர் தெருவில் சுவரொட்டி படிக்க ஆரம்பித்தார். நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று நின்று, சுவரில் ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலியை மேலிருந்து கீழே வரைக்கும் படிப்பார், இன்னார் மகன் இன்னார் என்று முணுமுணுப்பார், பிறகு நடப்பார். யாருங்க அது, தெரிஞ்சவங்களா என்று கேட்டால், அட, சும்மா பாத்தேன் என்பார். அவளும் சும்மாதான் என்று நினைத்தாள். மகள் கோகிலாவின் மச்சினன் கல்யாணத்துக்கு மண்டபத்துக்குப் போனபோது மாடிப்படி பாதியில் நின்று சுவரில் கட்டியிருந்த பூ அலங்காரத்தைப் பார்த்தார். ஆயுசில் ஒரு பூவை நிமிர்ந்து பார்க்காத மனுஷன். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஒரு முழம் மல்லிகை வாங்கித் தந்ததில்லை. அந்தப் படியில் நின்றுதான் அவளுக்குப் பளிச்சென்று எல்லாம் விளங்கியது. இவர் படிக்கவில்லை, பார்க்கவில்லை, வலி நிற்கட்டும் என்று நின்றுகொண்டிருக்கிறார்.

"நல்லா இருக்கீங்கல்லம்மா? தலைய மட்டும் அசைங்க போதும்." அசைத்தாள். நல்லா இருக்கிறேன், எனக்கென்ன, ஆள் வெளியே இருக்கிறார். அன்றைக்குக் கல்யாணத்திலிருந்து வந்ததும் கோகிலாவுக்குப் போனைப் போடப் போனாள். மகள் என்றால் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவை அள்ளிக்கொண்டு போயிருப்பாள். அது தெரிந்துதான் அவர் போனைப் பிடுங்கினார். பிடுங்கியவர் திட்டியிருந்தால் பரவாயில்லை, திட்டு அவளுக்குப் பழக்கம். திட்டவில்லை. அவள் வலது கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்து அமுக்கிக்கொண்டார். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு என்ற தலைமேல சத்தியம் பண்ணு." எதுக்குங்க என்றாள். "பொடி குடிச்சிட்டிருக்கேன்ல, அது கேக்கும். நெஞ்சு வலின்னு தெரிஞ்சா பொடிய நிறுத்திப்போடுவாங்க. அப்புறம் கத்தி வெப்பாங்க. பண்ணு." முடி ஈரமாக இருந்தது. அந்த ஈரம் உள்ளங்கையில் பட்டதும் அவள் எதைக் கேட்டிருந்தாலும் சரியென்றுதான் சொல்லியிருப்பாள். பண்ணினாள். இப்போது மரத்துக் கிடக்கிறதே, இதே கை. இந்தக் கையைத்தான் ஊர் பூராவும் விட்டுவிட்டு இவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். சத்தியத்தை மீறினால் யார் தலையில் கை வைத்தோமோ அந்தத் தலை உருளும். பொய்யென்று சொல்லட்டும் பார்க்கலாம், மேற்குத் தெரு மரகதம் புருஷன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டு மீறினாள், அந்த மாதமே அவன் போனான். லாரி அடித்துப் போனான், அது வேறே. லாரிக்குச் சத்தியம் தெரியுமா? தெரியாது. தெரியாதுதான். ஆனாலும் அந்த மாதமே போனானே. இந்த இடத்துக்கு வந்துதான் அவள் நினைப்பு ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டு நிற்கும். சொன்னால் சத்தியம் அவரைக் கொண்டு போகும். சொல்லாவிட்டால் நெஞ்சு அவரைக் கொண்டு போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் போவது அவர், இருக்கப் போவது இவள்.

அதற்குத்தான் மாரியாத்தாளிடம் பூ கேட்கப் போனாள். நல்லதோ கெட்டதோ ஆத்தா சொல்லட்டும் என்று வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒன்று போலக் கட்டி அம்மன் காலடியில் போட்டுவிட்டு, டாக்டரிடம் சொல்லிவிடட்டுமா, வெள்ளை வந்தால் சொல்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு. ஆத்தா வேண்டாங்கறா, கம்முனு இரு அம்மணி என்று விபூதி கொடுத்தார். வாங்கிப் பூசிக்கொண்டு படியிறங்கினாள். இறங்கும்போதுதான், சாமி குத்தம் என்று நினைத்து நினைத்துப் பதறினாலும், அவளுக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு வரைக்கும் இந்த மாதிரிக் கோபம் ஆத்தாள்மேல் வந்ததில்லை. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறதென்று கட்டினவளுக்கே தெரியாது, எடுத்தவளுக்கும் தெரியாது. வீட்டில் ஒரு பொட்டலம், கோயிலில் ஒரு பொட்டலம். பொட்டலத்தை நம்பி ஒரு மனுஷனை விட்டுவைக்க முடியுமா? அவருக்கு ஊதாப் பொட்டலம் சாக்கு என்றால் தனக்குச் சிவப்புப் பொட்டலம் சாக்கு, அவ்வளவுதானே. நாம் ரெண்டு பேரும் யாராவது நமக்காக முடிவு பண்ணட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம். அப்படி நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பயம். பயம் போகவில்லை, இதோ இந்த நிமிஷமும் இருக்கிறது, பட்டை இறுக்குகிற இறுக்கத்துக்கு மேலேயே இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். சத்தியம் பலிக்கட்டும், பலித்தால் என் தலைக்கு வரட்டும் ஆத்தா, அவர் தலைக்கு வேண்டாம். செய்தது நான்தானே, கையும் என் கைதானே. இவ்வளவு பேரம் பேசுகிறவள் ஒரு கிடாயும் நேர்ந்துகொள்ளலாம். வேண்டாம், அவருக்குக் கறி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிடுவார்.

வெளியே இருமல் கேட்டது. அவருடையதுதான், ஆயிரம் பேர் இருமினாலும் தெரியும். இருமி, தொண்டையைச் செருமி, பக்கத்தில் இருக்கிற யாரிடமோ, நீங்க எந்த ஊருங்க என்று ஆரம்பித்துவிட்டார். அந்தக் குரல் இல்லாத வீட்டை ஒரு முறை நினைத்துப் பார்த்தாள், நினைக்கக் கூடாதென்றுதான் இத்தனை நாள் இருந்தாள். மில் சாத்திக் கிடக்கும். காலையில் காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று யாரும் முகத்தைச் சுளிக்க மாட்டார்கள். கோகிலா வந்து கூட்டிப் போவாள், மாடியில் ஒரு அறை கொடுப்பாள், டீவியும் கொடுப்பாள். அரைக் கிழவனோடு சண்டை போட்டுக்கொண்டு இருக்கிற இந்தப் பிழைப்புதான் அவளுக்கு வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம். முணுக்கென்று கண்ணில் தண்ணீர் வந்து காதோரம் இறங்கியது. துடைக்க முடியாது, ஒரு கை பட்டையில், இன்னொரு கையை அசைத்தால் படம் ஆடிவிடும். "ரொம்ப வலிக்குதுங்களாம்மா? இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றாள் பிரவீணா, நல்ல பெண், பஞ்சால் ஒற்றி எடுத்தாள். வலிக்குது கண்ணு, நீ நினைக்கிற இடத்தில் இல்லை.

"விடறேனுங்கம்மா." பட்டை புஸ்ஸென்று தளர்ந்தது. கைக்குள் ரத்தம் திரும்பி வந்தது, சூடாக, ஊசி ஊசியாக, விரல் நுனி வரைக்கும் ஓடியது. கை மறுபடி அவளுடையதாயிற்று. வாயைத் திறந்தாள். "பேசாதீங்க, பேசாதீங்க! இப்பத்தான் முக்கியம். ரெண்டு நிமிசம், இதுதான் ரெக்கார்டு ஆகும்" என்று பிரவீணா திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் கையை ஆட்டினாள். இன்னும் இரண்டு நிமிடமா. வெளியே பேச்சு நின்றுவிட்டிருந்தது. ஏன் நின்றது? நீங்க எந்த ஊருங்க என்றதற்குப் பதில் வந்து, அதற்கு இவர் ஒன்று சொல்லி, அப்படியே போய்க்கொண்டிருக்க வேண்டிய பேச்சு. சுவரில் எதையாவது படிக்கிறாரோ. அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவள் கைமேல் வைத்திருந்த படக் கருவி வழுக்கித் திரையில் எல்லாம் கலைந்து சாம்பல் நிறமாகப் போயிற்று.

"ஐயோ அம்மா!"

"படம் போனாப் போகுது அம்மணி. எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலிக்குதுங்க. படி ஏறினா வலிக்குது, மூட்டை தூக்கினா வலிக்குது. வேர்த்துக் கொட்டுது. உங்ககிட்டச் சொல்ல மாட்டாரு. நானுஞ் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கறேன். நீ போய் டாக்டரம்மாவக் கூட்டிட்டு வா. ஓடு கண்ணு."

பிரவீணா ஓடினாள். சம்பூரணம் கையில் ஒட்டியிருந்த ஜெல்லை முந்தானையில் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். நாச்சிமுத்து நாற்காலியில்தான் இருந்தார். எதிர்ச் சுவரில் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளைச் சுவர், அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடிய கை நெஞ்சில் இருந்தது. அவளைப் பார்த்ததும் கையைச் சட்டைப் பைக்குள் விட்டு எதையோ தேடுகிற மாதிரி பண்ணினார். "அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றார்.

"சொல்லிப்போட்டேனுங்க" என்றாள்.

அவர் முகம் சிவக்கும், சத்தம் போடுவார், சத்தியம் பண்ணினாயே என்று நாலு பேர் முன்னால் கேட்பார் என்று அவள் எதற்கும் தயாராகத்தான் நின்றாள். அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். நாச்சிமுத்துவை அந்தக் கட்டிலிலேயே படுக்க வைத்து, நெஞ்சில் குமிழ் குமிழாக ஒட்டி, ஓடி வந்த ஈசிஜி காகிதத்தைப் பார்த்தார்கள். மாத்திரை ஒன்றை மென்று தின்னச் சொன்னார்கள், இன்னொன்றை நாக்குக்கடியில் வைத்தார்கள். டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. "பெரியவரே, இது வாயு இல்லை. இன்னைக்கே சேர்த்து ரத்தக்குழாயைப் பார்க்கணும். எத்தனை நாளா இருக்கு?"

"ஆடி நோம்பியிலிருந்துங்க" என்றாள் சம்பூரணம் முந்திக்கொண்டு. "பொடி கேக்கும், கேக்கும்னு சொல்லிட்டே இருந்தாருங்க. என்ற பொட்டலத்தையும் சேத்து அவருதான் குடிச்சாருங்க."

"அம்மா, அந்தப் பொடி உதவுதான்னே நாங்க இன்னும் பார்த்துட்டுத்தான் இருக்கோம். வலிக்கு அது மருந்து இல்லை. ஐயா, நீங்க சொல்லுங்க. ஆடியிலிருந்துதானா?"

நாச்சிமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சட்டை திறந்து கிடந்த நெஞ்சில் வெள்ளை மயிர் ஏறி இறங்கியது. சாமர்த்தியமாக ஏதாவது சொல்வார் என்று சம்பூரணம் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றார். "போன பொங்கலுக்கேங்க. அதனாலதானுங்க இந்தப் பொடிக்கே பேரு குடுத்தேன். நெஞ்சு வலின்னு சொன்னாச் சேத்துக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க, சொல்லலீங்க."

பொங்கலுக்கு. மாவு மில்லில் அரிசி மாவுக்கு வரிசை நின்ற நாட்களில். கோகிலா பிள்ளைகளோடு வந்து போன நாட்களில். சமுதாயக் கூடத்தில் எனக்குத் தெரியாமப் போகுமா என்று இவர் ஜம்பமடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து இவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தபோது. தான் ஒருத்திதான் இத்தனை மாதமாகப் பயத்தைச் சுமந்துகொண்டு திரிந்ததாக நினைத்திருந்தாள். அவளுக்குத் திட்ட வேண்டும் போலிருந்தது, வாய் நிறையத் திட்டு இருந்தது. கேட்டது வேறு.

"அத்தன மாசமா நீங்க ஒருத்தரே பயந்துட்டா இருந்தீங்க?"

அவர் ஆமென்று தலையை ஒரு முறை ஆட்டினார். சக்கர நாற்காலியோடு ஆள் வந்து நின்றதும், கல்லுல ரெண்டு பேரு அரிசி கெடக்குது, நாளைக்கு வர்றேனுங்க என்று ஈனக் குரலில் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "கம்முனு ஏறுங்க" என்றாள் சம்பூரணம். ஏறினார். அவள் கைப்பிடியை அந்த ஆளிடமிருந்து வாங்கிக்கொண்டு தானே தள்ளினாள்.